மாயமான "டாக்டர்" எங்கே? 40 ஆண்டுகளுக்கு மேலாக வலை வீசும் ரசிகர்கள்!

காணாமல் போனது நகை அல்ல. ரொக்கமும் அல்ல. டெலிவிஷன் படம்!

திருடன் யாரும் வெளியிலிருந்து வரவில்லை. பூட்டு உடைபடவில்லை. வீட்டுக்காரரே தன் கையால் அழித்துவிட்டார். பறிகொடுத்துவிட்டுத் தவிப்பவர்கள், அந்தப் படத்தைச் சின்ன வயதில் பார்த்த ரசிகர்கள்.

சர்ச்சின் அடித்தளம், பள்ளிக்கூடத்துச் சந்தை, ஆப்பிரிக்காவில் ஒரு ஸ்டோர் ரூம் என்று எங்கெங்கோ துப்புக் கிடைத்திருக்கிறது. ஆனாலும் கேஸ் இன்னும் முடியவில்லை!

இதுபற்றிய விவரம் வருமாறு:-

யார் இந்த டாக்டர்?

இங்கிலாந்தில் பி.பி.சி. டெலிவிஷனில் 1963-ம் ஆண்டு நவம்பர் மாதம் 23-ந் தேதி, சனிக்கிழமை மாலை, "டாக்டர் ஹூ" என்ற விஞ்ஞானக் கதைத் தொடர் ஆரம்பமானது.

நேரம் சரியில்லை. முந்தின நாள்தான் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். ஊரெல்லாம் அதே பேச்சு. போதாக்குறைக்குப் பல இடங்களில் கரண்ட் வேறு போய்விட்டது. அதனால் அடுத்த சனிக்கிழமை முதல் பகுதியையே மறுபடி போட்டுவிட்டு, அதன் பிறகு 2-ம் பகுதியைக் காட்டினார்கள்.

கதை இதுதான். டாக்டர் ஒரு வேற்றுக் கிரக ஆசாமி. சொந்தப் பெயர் என்ன என்று யாருக்கும் தெரியாது. லண்டன் தெருக்களில் அந்தக் காலத்தில் போலீசுக்கு டெலிபோன் பண்ணுவதற்காக நீல நிறப் பெட்டிகள் வைத்திருந்தார்கள். அதே வடிவத்தில் டாக்டரிடம் ஒரு வாகனம் உண்டு. வெளியே பார்த்தால் நாலு பேர் நிற்க இடம் இருக்காது. உள்ளே போனால் பெரிய மாளிகை! அதில் ஏறிக்கொண்டு கடந்த காலம், எதிர்காலம், வேறு கிரகம் என்று நினைத்த இடத்துக்குப் போய்விடுவார்.

டிசம்பர் மாதக் கடைசியில் "டாலெக்" என்ற வில்லன் கூட்டம் வந்து சேர்ந்தது. குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துக் கைகள் வைத்த மாதிரி உருவம். கரகரவென்ற குரலில் "அழித்துவிடு! அழித்துவிடு!" என்று கத்திக்கொண்டு உருண்டு வரும். பிள்ளைகள் அலறிப் போய் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். ஆனால் பார்ப்பதை மட்டும் விடவில்லை. தலையை நீட்டி நீட்டிப் பார்த்தார்கள். "சோபாவுக்குப் பின்னால் இருந்து பார்த்தோம்" என்பது இன்றைக்கும் அந்த ஊர் ரசிகர்கள் சந்தித்தால் முதலில் சொல்லும் பேச்சு.

தொடரைத் தயாரித்தவர் வெரிட்டி லாம்பர்ட் என்ற பெண்மணி. அப்போது அவருக்கு 27 வயது. முதல் கதையை டைரக்ட் செய்தவர் வாரிஸ் ஹுசைன். இவர் நம் நாட்டு லக்னோவில் பிறந்தவர். வயது 24 தான்!

ஆள் மாறும் தந்திரம்

முதல் டாக்டராக நடித்தவர் வில்லியம் ஹார்ட்னெல். மூன்று வருடத்தில் அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனது. வேறு தொடராக இருந்தால் அத்தோடு மூட்டை கட்டியிருப்பார்கள். இங்கே ஒரு தந்திரம் செய்தார்கள். டாக்டர் சாகமாட்டார், உடம்பு மட்டும் மாறும் என்று கதையில் ஒரு வழி வைத்தார்கள். 1966-ம் ஆண்டு அக்டோபர் 29-ந் தேதி ஹார்ட்னெல் தரையில் விழுந்தார். பாட்ரிக் டிரவுட்டன் எழுந்தார்! ஜனங்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

அன்று தொடங்கிய பழக்கம் இன்றுவரை போகிறது. எத்தனையோ டாக்டர்கள் மாறிவிட்டார்கள். ஜோடி விட்டேகர் என்ற பெண்ணும் டாக்டராக வந்துவிட்டார்.

ஆனால் முதல் டாக்டர் விழுந்த அந்தச் சரித்திரப் பகுதி முழுதாக இன்று யாரிடமும் இல்லை. உருவம் மாறும் அந்தச் சில விநாடிகள் மட்டும் எப்படித் தப்பின தெரியுமா? "புளூ பீட்டர்" என்ற சிறுவர் நிகழ்ச்சியில் ஒரு தடவை அந்தத் துண்டைப் போட்டுக் காட்டினார்கள். அந்த நிகழ்ச்சியின் டேப் பத்திரமாக இருந்தது. அதிலிருந்து பிழைத்தது!

அழித்தது யார்?

1963 முதல் 1969 வரை முதல் ஆறு வரிசைகளில் மொத்தம் 253 பகுதிகள் வெளியாயின. எல்லாம் கறுப்பு-வெள்ளை. இவற்றை இரண்டு அங்குல அகல வீடியோ டேப்பில் பதிவு செய்தார்கள். டேப் விலை அதிகம். ஒன்றை அழித்துவிட்டு அதன் மேலேயே இன்னொன்றைப் பதியலாம். பள்ளிக்கூடத்துச் சிலேட் மாதிரிதான்.

பழைய படத்தை நினைத்தபோதெல்லாம் திரும்பப் போடவும் முடியாது. நடிகர் சங்கத்துடன் போட்ட ஒப்பந்தப்படி இத்தனை தடவைதான் என்று கணக்கு உண்டு. 1969-ல் பி.பி.சி.யின் முதல் சேனலுக்குக் கலர் வந்தது. "கறுப்பு-வெள்ளையை இனி எவன் பார்ப்பான்?" என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது. வீட்டில் வீடியோ வைத்துப் படம் பார்க்கும் காலம் வரும் என்று அப்போது யாரும் கனவு காணவில்லை.

ஆகவே 1967 முதல் டேப்புகளை அழித்துத் திரும்ப உபயோகித்தார்கள்.

வெளிநாடுகளுக்கு விற்பதற்காக 16 மில்லிமீட்டர் பிலிமில் நகல் எடுத்து வைத்திருந்தார்கள் அல்லவா? விற்கும் உரிமை முடிந்ததும் அவற்றையும் ஒழித்துக்கட்டினார்கள். நகல் அந்த டிபார்ட்மென்டில் இருக்கும் என்று இவர்கள் நினைத்தார்கள். இவர்களிடம் இருக்கும் என்று அவர்கள் நினைத்தார்கள். ஆபீஸ் வேலை தெரிந்தவர்களுக்கு இது புதிய கதை அல்ல!

1978-ல்தான் பி.பி.சி. விழித்துக்கொண்டது. டேப், பிலிம் எல்லாவற்றையும் ஒரே லைப்ரரியில் சேர்த்துக் காப்பாற்றும் ஏற்பாடு வந்தது. கணக்கு எடுத்துப் பார்த்தால் நூற்றுக்கு மேற்பட்ட பகுதிகளைக் காணோம்!

வாரிஸ் ஹுசைன் பெரும்பகுதியை டைரக்ட் செய்த "மார்க்கோ போலோ" என்ற 7 வாரக் கதை அடியோடு போய்விட்டது. 1964-ல் வந்த கதை அது.

மைக் பிடித்த பையன்கள்

படம் போனது. ஆனால் குரல் போகவில்லை! காணாமல் போன பகுதிகள் ஒவ்வொன்றின் ஒலியும் முழுதாகக் கிடைத்திருக்கிறது. காப்பாற்றியது யார்? பெரிய கம்பெனியா? சர்க்காரா? இல்லை. வீட்டுப் பையன்கள்!

அந்தக் காலத்தில் சில ரசிகர்களிடம் சுருள் டேப் ரிக்கார்டர் இருந்தது. சனிக்கிழமை மாலை டெலிவிஷன் பெட்டிக்கு முன்னால் மைக்கை வைத்துவிட்டு, வீட்டில் யாரும் இருமக்கூடாது, பேசக்கூடாது என்று உத்தரவு போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். விவரம் தெரிந்த பையன்கள் டெலிவிஷன் பெட்டியிலிருந்தே ஒயர் இழுத்துச் சுத்தமாகப் பதிந்தார்கள். திரும்பத் திரும்பக் கேட்டு மகிழ்வதற்காகச் செய்த வேலை அது. பின்னால் பி.பி.சி.யே அந்த ஒலிகளை வாங்கிச் சுத்தம் செய்து கேசட்டாகவும் காம்பாக்ட் டிஸ்க்காகவும் விற்றது!

ஜான் குரா என்ற போட்டோகிராபர் இன்னொரு வழியில் உதவினார். டெலிவிஷன் ஓடும்போதே திரையைப் போட்டோ பிடித்து, நடிகர்களுக்கும் டைரக்டர்களுக்கும் விற்பது அவர் தொழில். ஒரு பகுதிக்குச் சுமார் 60, 70 படம் எடுப்பார். அவர் 1969-ல் காலமாகிவிட்டார். அவர் எடுத்த படங்கள் பி.பி.சி.யின் பழைய பைல்களுக்குள் கிடந்து 1993-ல் வெளியே வந்தன.

இந்தப் போட்டோக்களை வரிசையாக வைத்து, பையன்கள் பதிந்த ஒலியை ஓட்டினால் ஓரளவு படம் பார்த்த மாதிரி ஆயிற்று. பிறகு கார்ட்டூன் முறையும் வந்தது. "பவர் ஆப் த டாலெக்ஸ்" என்ற கதையின் 6 பகுதிகளும் 2016-ல் பழைய குரல்களுடன் கார்ட்டூனாக வெளிவந்தன.

வெட்டியவரே காப்பாற்றினார்!

ஆஸ்திரேலியாவில் நடந்தது இதைவிட வேடிக்கை. அங்கே சென்சார் அதிகாரிகள், பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று பயங்கரக் காட்சிகளை வெட்டி எறிந்தார்கள். வெட்டிய துண்டுகள் சர்க்கார் பைலில் பத்திரமாக இருந்தன. 1996-ல் ஒரு ரசிகர் தேடிப் பிடித்தார். முழுப் படமும் அழிந்துவிட்டது. பார்க்கக்கூடாது என்று வெட்டிய காட்சிகள் மட்டும் இன்று பார்க்கக் கிடைக்கின்றன!

கார்கள் திணறிய நாள்

வீடியோ வருவதற்கு முன்னால் பழைய கதையை மறுபடி அனுபவிக்க ஒரே வழி புத்தகம். 1973 முதல் "டார்கெட்" பதிப்பகம் தொடரின் கதைகளை மலிவு விலை நாவல்களாக வெளியிட்டது. டெரன்ஸ் டிக்ஸ் என்ற எழுத்தாளர் ஒருவரே 60-க்கும் அதிகமான நாவல்கள் எழுதினார். அந்தப் புத்தகங்களைப் படித்துத்தான் வாசிக்கும் பழக்கமே வந்தது என்று சொல்கிற ரசிகர்கள் ஏராளம்.

தொடரின் 20-ம் ஆண்டு விழாவை 1983 ஏப்ரலில் லாங்லீட் என்ற இடத்தில் நடத்தினார்கள். பி.பி.சி. எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு கூட்டம். ரோடெல்லாம் கார்கள் திணறின. வந்த பலர் உள்ளேயே போகமுடியாமல் திரும்பினார்கள். அங்கே ரசிகர்களிடம் "முதலில் எந்தக் கதையை வீடியோவாக வெளியிடலாம்?" என்று கேட்டார்களாம். பெரும்பாலோர் "டூம் ஆப் த சைபர்மென்" என்றார்களாம். அதுதான் காணாமல் போன பட்டியலில் இருந்தது! சைபர்மென் வரும் வேறொரு கதையை வெளியிட்டுச் சமாளித்தார்கள். விலை சுமார் 40 பவுண்டு. அந்த நாளில் அது பெரிய தொகை.

சிக்கிய பிலிம்கள்

தேடுதல் வேட்டையில் சிக்கியவை இதோ:

1983: லண்டனில் ஒரு மார்மன் சர்ச்சின் அடித்தளத்தில் டாலெக் கதையின் 2 பகுதிகள்.

1991 கடைசி: ஹாங்காங்கில் இருந்து "டூம் ஆப் த சைபர்மென்" 4 பகுதிகளும் முழுதாக! அடுத்த ஆண்டு வீடியோ வந்ததும் ரசிகர்கள் கடைகளை மொய்த்தார்கள்.

1999: நியூசிலாந்தில் ஒரு பிலிம் சேகரிப்பாளரிடம் ஒரு பகுதி.

2004: பழைய பிலிம்களை ஒழித்துவிடு என்று ஒரு காலத்தில் சொல்லப்பட்ட பி.பி.சி. என்ஜினீயர், மனசு வராமல் வீட்டுக்கு எடுத்துப் போய் வைத்திருந்த ஒரு பகுதி.

2011: ஓய்வு பெற்ற ஒரு என்ஜினீயர், 1980-களில் சவுத்தாம்ப்டன் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துச் சந்தையில் வாங்கிய பிலிம்களில் 2 பகுதிகள். தன்னிடம் இருப்பது காணாமல் போன சரக்கு என்பதே அவருக்குத் தெரியாது!

எல்லாவற்றிலும் பெரிய பிடிப்பு 2013-ல். பிலிப் மோரிஸ் என்பவர், எந்த நாட்டுக்கு எந்தப் பிலிம் போனது என்று பழைய கப்பல் சரக்குக் கணக்குகளைப் பார்த்துத் துப்பறிந்தார். நைஜீரியாவில் ஜோஸ் என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே டெலிவிஷன் நிலைய ஸ்டோர் ரூமில் பிலிம் டப்பாக்கள் தூசி படிந்து கிடந்தன. தூசியைத் துடைத்தார். ஒட்டியிருந்த காகித நாடாவில் "டாக்டர் ஹூ" என்று எழுதியிருந்தது! காணாமல் போயிருந்த 9 பகுதிகள் ஒரே இடத்தில் அகப்பட்டன.

அவை கிடைத்த பிறகு, 2013-ம் ஆண்டுக் கணக்குப்படி பாக்கி 97.

பிடித்துக் கொடுத்தால் பரிசு!

2006-ல் அதே "புளூ பீட்டர்" நிகழ்ச்சியில் ஓர் அறிவிப்பு வந்தது. காணாமல் போன பகுதியைக் கொண்டுவந்து கொடுத்தால், ஆள் உயர டாலெக் பொம்மை பரிசு!

அப்படியும் சிலர் தயங்குகிறார்கள். பிலிம் சேகரிப்பவர்களில் பலருக்குப் பயம். சரக்கு யாருடையது, எப்படி வந்தது என்று கேள்வி வருமோ? பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்களோ? "தண்டனை எதுவும் வேண்டாம், நகல் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடலாம்" என்பதுதான் ரசிகர்களின் வாதம்.

அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. பழைய பிலிம் சாதாரணமாகக் கெடாது. கெட ஆரம்பித்தால் புளித்த காடி வாசனை அடிக்கும்; சுருங்கும்; பிறகு எந்த மெஷினிலும் ஓடாது. அதை வைத்திருப்பவர்களுக்கும் வயதாகிவிட்டது. கண்ணை மூடினால், விவரம் தெரியாத வாரிசுகள் பழைய டப்பாக்களைக் குப்பையில் கொட்டிவிடுவார்கள்.

1989-ல் நிறுத்தப்பட்ட தொடர் 2005-ல் உயிர் பெற்றது. உயிர் கொடுத்த ரசல் டி டேவிஸ் பழைய ரசிகர். டாக்டராக நடித்த டேவிட் டெனன்டும் சிறு வயது ரசிகர். இன்னொரு டாக்டரான பீட்டர் கபால்டி பள்ளிப் பருவத்தில் தொடரைப் பாராட்டி எழுதிய கடிதம் 1974-ல் "ரேடியோ டைம்ஸ்" பத்திரிகையில் வெளியாகியிருக்கிறது! 2013 நவம்பர் 23-ந் தேதி 50-ம் ஆண்டு விசேஷப் பகுதியை 94 நாடுகளில் ஒரே நேரத்தில் காட்டினார்கள். உலகச் சாதனை!

புது டாக்டர்கள் வந்துகொண்டிருக்கலாம். ஆனால் 1963-ல் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்த ஏழு வயதுப் பையனுக்கு இன்று வயது 70-ஐ ஒட்டியிருக்கும். அவன் கேட்பது அன்று பார்த்ததை இன்னும் ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பதுதான்.

தேடுதல் தொடர்கிறது.