நாலு கால் நோயாளிகள் – 9: காற்றைச் சொறியும் நாய்

நடந்துகொண்டிருக்கும் நாய் சட்டென்று நிற்கும். கழுத்தை ஒரு பக்கமாக வளைக்கும். பின்னங்கால் ஒன்றைத் தூக்கித் தோள்பட்டைப் பக்கம் வேகவேகமாகச் சொறியும். குனிந்து கவனித்தால்தான் தெரியும், கால் உடம்பைத் தொடவே இல்லை. நகத்துக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரற்கடை இடைவெளி. சொறிவதெல்லாம் காற்றைத்தான். கழுத்துப்பட்டையை மாட்டினால் இது அதிகமாகும். வாசல் கதவைத் திறந்து, வாக்கிங் போகும் குஷி வந்தாலும் அதிகமாகும்.

இந்த நாய்க்கு முதலில் கிடைப்பது உண்ணி மருந்து. பிறகு மருந்து ஷாம்பூ, காதுக்குச் சொட்டு மருந்து. அதற்கும் கேட்கவில்லை என்றால் ஒவ்வாமையாக இருக்கும் என்று தீனியை மாற்றுவார்கள். டாக்டரைக் குறைசொல்ல முடியாது. சொறிகிற நாய்களில் பெரும்பாலானவற்றுக்குத் தோலில்தான் கோளாறு. ஆனால் தோல் வியாதிக்காரன் கண்ட இடத்தையும் சொறிவான், பாதத்தை நக்குவான், சொறிந்த இடத்தில் முடி கொட்டிப் புண்ணாகும். நம் நோயாளிக்கு எப்போதும் அதே பக்கம், அதே இடம். தோலில் ஒரு கீறல்கூட இருக்காது. தூக்கும்போது காரணமில்லாமல் கத்தும். ராத்திரியில் தலையை உயரமாக எதன்மேலாவது வைத்துக்கொண்டு தூங்கும்.

இந்த அறிகுறிகளோடு வருவது காவலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல் இனம் என்றால், நரம்பியல் படித்த கால்நடை மருத்துவர் தோலை விட்டுவிட்டுத் தலையைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிடுவார். நீண்ட பட்டுக்காது, பெரிய கண்கள், மடியைவிட்டு இறங்காத குணம். இங்கிலாந்தில் மிகப் பிரபலமான குட்டி நாய் இது. போன வாரம் வலிப்பைப் பார்த்தோம். பரம்பரை வலிப்புள்ள நாயின் மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்தால் பெரும்பாலும் படம் சுத்தமாக இருக்கும், நாய்தான் துடிக்கும். காவலியரிடம் இது தலைகீழ். நாய் ஓடியாடிக்கொண்டிருக்கும், படத்தில் வில்லங்கம் இருக்கும்.

என்ன வில்லங்கம்? மூளைக்குத் தேவையான இடம் மண்டையோட்டுக்குள், முக்கியமாகப் பின்பகுதியில், இல்லை. மண்டையின் அடியில் தண்டுவடம் வெளியே வருகிற பெருந்துளை ஒன்று உண்டு. ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் திணித்து மூடிய பெட்டியின் விளிம்பில் சேலைத் தலைப்பு பிதுங்கி நிற்குமே, அப்படிச் சிறுமூளையின் நுனி அந்தத் துளை வழியாகக் கீழே பிதுங்கி நிற்கும். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஒரு திரவம் இதயத் துடிப்புக்கு ஏற்ப மேலும் கீழும் அசைந்துகொண்டே இருக்கிறது. துளை அடைபட்டால் அந்தப் போக்குவரத்து கெடுகிறது. நாளடைவில் தண்டுவடத்தின் உள்ளேயே திரவம் தேங்கிக் குழி விழுகிறது. அந்தக் குழிக்கு சிரிங்ஸ் என்று பெயர், நோய்க்கு சிரிங்கோமைலியா. திரவம் எந்த வழியாக உள்ளே போய்ச் சேர்கிறது என்பதில் நிபுணர்களின் வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை.

மனிதர்களிடம் இதே பிதுக்கத்தை 1891இல் விவரித்தவர் ஹான்ஸ் கியாரி, பிராக் நகரில் வேலை பார்த்த ஆஸ்திரிய நோயியல் மருத்துவர். அவர் பார்த்ததெல்லாம் பிரேதப் பரிசோதனை மேஜையில். நாய்களின் கோளாறுக்கும் அவர் பெயரைத்தான் ஒட்டவைத்திருக்கிறார்கள். காவலியர்களிடம் இது இருக்கிறது என்று பிரிட்டிஷ் கால்நடை நரம்பியலாளர் க்ளேர் ரஸ்பிரிட்ஜ் 2000ஆம் ஆண்டு கட்டுரை வெளியிட்டார். எம்.ஆர்.ஐ. இயந்திரம் கால்நடை மருத்துவர்களின் கைக்கு எட்டத் தொடங்கியிருந்த காலம் அது. எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும். உயிரோடிருக்கும் நாயின் தண்டுவடத்துக்குள் தண்ணீர் நிற்பதைப் பார்க்க வேறு நல்ல வழி கிடையாது.

நாய்க்கு எம்.ஆர்.ஐ. எடுப்பது எப்படி என்று கேட்பவர்களுக்கு: முழு மயக்கத்தில். ஒரு மில்லிமீட்டர் அசைந்தாலும் படம் கலங்கிவிடும், அதனால் நாய்க்கு ஊசி போட்டு, மூச்சுக்குழாயில் டியூப் செருகி, மயக்க வாயு கொடுத்துத்தான் உள்ளே தள்ளுவார்கள். பக்கத்தில் நிற்கும் மயக்க இயந்திரமும் காந்தம் இழுக்காத பொருட்களால் ஆனதாக இருக்கவேண்டும். சாதாரண இரும்பு ஆக்சிஜன் சிலிண்டரை அந்த அறைக்குள் கொண்டுபோனால் ஏவுகணையாகிவிடும். சமிக்ஞையை வாங்கும் ‘காயில்’ என்ற கம்பிச்சுருள் தலைக்கு நெருக்கமாக இருக்கவேண்டும் என்பதால், சின்ன நாய்களின் தலைக்கு மனிதர்களின் முழங்காலுக்குச் செய்த காயிலையே பயன்படுத்துவார்கள், கச்சிதமாகப் பொருந்தும். இயந்திரம் போடும் சத்தத்துக்குக் காதில் பஞ்சு. எல்லாம் சேர்த்து முக்கால் மணி, ஒரு மணி நேரம்.

இதில் இரண்டு தொல்லைகள் உண்டு. முதலாவது மைக்ரோசிப். அடையாளத்துக்காக நாயின் தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் போடும் அரிசி அளவுச் சில்லு, காந்தப்புலத்தைக் குழப்பிப் படத்தில் பெரிய கறுப்பு ஓட்டையாக விழும். அந்த ஓட்டை மறைப்பது கழுத்தும் முதுகும் சேரும் இடத்தை. சிரிங்ஸ் தேடவேண்டிய இடங்களில் அதுவும் ஒன்று. இரண்டாவது தொல்லை கழுத்து. கழுத்தை மடக்கிப் படுக்கவைத்து எடுத்தால் சிறுமூளை அதிகமாகப் பிதுங்கியதுபோலத் தெரியும், நீட்டி எடுத்தால் குறைவாகத் தெரியும். அதே நாய், அதே நாள், இரண்டு அளவு. இயந்திரம் பொய் சொல்லாது என்று நம்புகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்கலாம்.

படத்தைப் பார்ப்போம். மூக்கிலிருந்து முதுகு வரை நடுக்கோட்டில் வெட்டிய நெடுக்குவெட்டு, டி2 எனப்படும் வகை. இதில் தண்ணீர் வெள்ளையாகவும் மூளை சாம்பல் நிறமாகவும் தெரியும். நல்ல நாயின் சிறுமூளை பின்பக்கம் உருண்டையாக இருக்கும். அதற்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு ஓடும். அந்தக் கோடுதான் உயிர்நாடி. காவலியரின் படத்தில் கோடு இல்லை. எலும்பு அழுத்தியதில் சிறுமூளையின் பின்பக்கம் தட்டையாகி, கீழ் நுனி கூராகித் துளைக்குள் இறங்கியிருக்கும். அங்கிருந்து பார்வையைக் கழுத்துக்கு நகர்த்தினால், சாம்பல் நாடா போலப் போகவேண்டிய தண்டுவடத்தின் நடுவில் வெள்ளைத் திட்டு. முற்றிய கேஸ்களில் தண்டுவடத்தின் பெரும்பகுதியை அந்த வெள்ளை விழுங்கியிருக்கும். அடுத்து குறுக்குவெட்டுப் படம். குழி தண்டுவடத்தின் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக, வலி உணர்வைக் கடத்தும் மேல்பகுதியை அரித்திருந்தால், நாய் எந்தப் பக்கம் சொறிகிறது என்று உரிமையாளரைக் கேட்பதற்கு முன்பே டாக்டரால் சொல்லிவிட முடியும்.

குழியின் அகலத்துக்கும் வலிக்கும் தொடர்பு உண்டு. அகலம் 6.4 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் 95 சதவீத காவலியர்களுக்கு அறிகுறிகள் இருக்கும் என்று ரஸ்பிரிட்ஜ் குழு கண்டது. சிறிய குழி என்றால் நிச்சயமாக எதுவும் சொல்லமுடியாது. குழியே விழாமல், பிதுக்கம் மட்டும் இருந்து வலியில் முனகும் நாய்களும் உண்டு. வலி இருக்கிறதா என்பதற்கு இன்னமும் வீட்டில் கூடவே இருப்பவரின் கண்தான் சாட்சி.

சிகிச்சையை அதிகம் விரிக்கப்போவதில்லை. ப்ரீகாபலின், காபாபென்டின் போன்ற நரம்புவலி மருந்துகள், திரவம் சுரப்பதைக் குறைக்கும் மருந்துகள், கழுத்துப்பட்டைக்குப் பதில் மார்புப்பட்டை, குனியாமல் சாப்பிட உயரத்தில் கிண்ணம். எலும்பை வெட்டித் துளையை அகலமாக்கும் அறுவைச் சிகிச்சையும் செய்கிறார்கள். அறிகுறி குறையலாம், ஆனால் மறுபடி எடுக்கும் படத்தில் சிரிங்ஸ் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும், வலியும் சில நாய்களிடம் திரும்பிவிடும்.

நோயாளி நாய்களை ஸ்கேன் செய்தவரை யாருக்கும் சங்கடம் இல்லை. நோயில்லாத நாய்களை உள்ளே தள்ளியபோதுதான் ரகளை ஆரம்பித்தது. 2011இல் வெளியான ஓர் ஆய்வில் 555 காவலியர்களின் படங்களை எடுத்துக்கொண்டார்கள். எல்லாம் நல்ல ஆரோக்கியம் என்று உரிமையாளர்கள் சொன்ன நாய்கள். ஒரு வயதில் நான்கில் ஒன்றுக்கு சிரிங்ஸ் இருந்தது. ஆறு வயதும் அதற்கு மேலும் ஆனவற்றில் 70 சதவீதம். ஏதோ ஒன்றிரண்டு குடும்பங்களின் சாபம் என்று தள்ளிவிட முடியாதபடி, இனமே மாட்டிக்கொண்டது.

எப்படி இந்த நிலைக்கு வந்தது? இரண்டாம் சார்லஸ் மன்னர் காலத்து அரண்மனை ஸ்பானியல்களுக்கு நீண்ட மூக்கு இருந்தது. விக்டோரியா காலத்தில் தட்டை மூக்கும் குவிந்த நெற்றியும் ஃபேஷனாகி, பழைய முகம் காணாமல் போனது. 1926இல் ராஸ்வெல் எல்ட்ரிட்ஜ் என்ற அமெரிக்கர் லண்டன் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சிக்கு வந்து, ஓவியங்களில் இருக்கும் பழைய முகத்தோடு ஒரு ஸ்பானியலைக் காட்டினால் 25 பவுண்டு பரிசு என்று அறிவித்தார். அதிலிருந்து பிறந்ததுதான் காவலியர். 1945இல் கென்னல் கிளப் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. மூக்கை நீட்டுவதற்காகத் தொடங்கிய இனம் என்பதுதான் இதில் வேடிக்கை. விரல்விட்டு எண்ணக்கூடிய நாய்களிலிருந்து மொத்த இனமும் பெருகியதால், அந்தச் சிலரிடம் இருந்த குறை எல்லார் வீட்டுக்கும் வந்துவிட்டது. பின்னாளில் சர்ரே பல்கலைக்கழகத்தில் ரஸ்பிரிட்ஜ் உள்ளிட்டோர் எம்.ஆர்.ஐ. படங்களைக் கணினிக்குக் கொடுத்து, வலியுள்ள நாயை எந்தப் பகுதி காட்டிக்கொடுக்கிறது என்று தேடச் சொன்னார்கள். கணினி கை காட்டியது பின்மண்டையை அல்ல. மூளையின் அடித்தளத்தையும், அதை ஒட்டிய ஸ்பீனாய்டு எலும்பையும். அதாவது முகத்தைக் குறுக்கியதன் விலையைப் பின்னால் இருக்கும் சிறுமூளை கொடுக்கிறது. காவலியர் மட்டுமல்ல, நம்மூர் மாடிவீடுகளில் குரைக்கும் பொமரேனியன், சிவாவா இனங்களிலும் இந்தக் கோளாறு உண்டு.

2008இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் வெளியான ‘பெடிகிரி டாக்ஸ் எக்ஸ்போஸ்ட்’ ஆவணப்படம் காவலியர்களின் இந்த வலியை வரவேற்பறைகளுக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு கிரஃப்ட்ஸ் கண்காட்சியை ஒளிபரப்புவதையே பி.பி.சி. நிறுத்திக்கொண்டது. 2012இல் பிரிட்டிஷ் கால்நடை மருத்துவச் சங்கமும் கென்னல் கிளப்பும் சேர்ந்து, இனப்பெருக்கத்துக்கு விடும் நாய்களை ஸ்கேன் செய்து தரம் பிரிக்கும் திட்டத்தைத் தொடங்கின. வளர்ப்பாளர்களிடம் அதற்குக் கிடைத்த ஆதரவு சொற்பம். செலவு அதிகம், மயக்க மருந்து ஆபத்து என்பது வெளியே சொன்ன காரணம். கோப்பை ஜெயித்த நாயின் தலைக்குள் வெள்ளைத் திட்டு தெரிந்தால் என்ன செய்வது என்பது சொல்லாத காரணம் என்று நான் நினைக்கிறேன்.

நார்வேயில் விஷயம் நீதிமன்றம் ஏறியது. விலங்கு நலச் சட்டத்தின் 25ஆவது பிரிவு, சந்ததிக்குக் கேடு தரும் இனப்பெருக்கத்தைத் தடுக்கிறது. விலங்குப் பாதுகாப்பு அமைப்பு தொடுத்த வழக்கில் 2022 ஜனவரியில் ஒஸ்லோ மாவட்ட நீதிமன்றம் காவலியர், இங்கிலிஷ் புல்டாக் இரண்டின் இனப்பெருக்கமும் சட்டவிரோதம் என்றது. மேல்முறையீட்டில் புல்டாக் தப்பியது. காவலியர் தப்பவில்லை, 2023இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. வளர்க்கத் தடையில்லை. வேறு இனத்தோடு முறையாகக் கலந்து குட்டி எடுக்கவும் வழி விட்டிருக்கிறார்கள். அந்தத் தீர்ப்பில் இதய வால்வு நோய்க்கும் பங்குண்டு. இந்த இனத்தின் இன்னொரு தலையெழுத்து அது, தனி அத்தியாயம் வேண்டும்.

ஸ்கேன் பார்த்து ஜோடி சேர்ப்பதில் பலன் இல்லாமலும் இல்லை. அப்பா, அம்மா இருவருக்கும் சிரிங்ஸ் இல்லை என்றால் குட்டிகளில் 70 சதவீதம் தப்பித்தன. இருவருக்கும் இருந்தால் 92 சதவீதம் மாட்டிக்கொண்டன என்கிறது இன்னோர் ஆய்வு. அதனால் காவலியர் குட்டி வாங்க ஆசைப்படுகிறவர்கள் பெற்றோரின் எம்.ஆர்.ஐ. சான்றிதழைக் கேட்கலாம். அதில் ‘எஸ்.எம். 0’ (சிரிங்கோமைலியா இல்லை) என்று இருப்பதோடு திருப்தியடைந்துவிடக் கூடாது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து இருக்கும். ‘ஏ’ என்றால் படம் எடுத்தபோது வயது ஐந்துக்கு மேல், ‘பி’ என்றால் மூன்றிலிருந்து ஐந்து, ‘சி’ என்றால் ஒன்றிலிருந்து மூன்று. விற்பவர் நீட்டும் காகிதத்தில் ‘சி’ இருந்தால், அந்த நாய்க்கு இப்போது என்ன வயது, மறுபடி ஸ்கேன் எடுத்தீர்களா என்று கேளுங்கள். எழுத்தே இல்லாத காகிதம் என்றால் கேள்விகூட வேண்டாம், வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

(தொடரும்)