மொட்டைக் கடிதம் எந்த வழியாக வந்தது?

லண்டனின் ஒயிட்சேப்பல் பகுதியில் 1888-இல் பெண்களைக் கொன்றவன் யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆனால் அவன் பெயர் உலகத்துக்கே தெரியும்: ஜாக் தி ரிப்பர். அந்தப் பெயரைப் போலீஸ் வைக்கவில்லை. ஒரு கடிதத்தின் அடியில் கையொப்பமாக வந்தது அது. கொலைகாரன் யார் என்ற கேள்வியைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, கடிதம் எழுதியவன் யார் என்று மட்டும் கேட்டுப் பார்த்தால் ஓரளவு தூரம் போகலாம். டீ ஆறுவதற்குள் முடிகிற கதை இல்லை, இன்னொன்று சொல்லிவைத்துவிடுங்கள்.

'டியர் பாஸ்' என்று தொடங்குவதால் அதற்கு அதுவே பெயராகிவிட்டது. சிவப்பு மையில், படித்தவன் கையெழுத்தில், கோணாமல் மாணாமல் ஓடும் வரிகள். கடைசிக் கொலையின்போது இஞ்சி பீர் பாட்டில் ஒன்றில் ரத்தம் பிடித்துவைத்தேன், அது பசைபோல் இறுகிவிட்டது, அதனால்தான் சிவப்பு மை என்று ஒரு விளக்கம். அடுத்த முறை காதை அறுத்துப் போலீசுக்கு அனுப்புகிறேன் என்று ஒரு வாக்குறுதி. இன்னும் கொஞ்சம் 'வேலை' முடியும்வரை இந்தக் கடிதத்தை வெளியிடாமல் வைத்திருங்கள், பிறகு விட்டுவிடுங்கள் என்று ஒரு வேண்டுகோள். தேதி செப்டம்பர் 25; தபால் முத்திரை 27.

இதைப் படிக்கிற எல்லோரும் ரத்தத்திலும் காதிலும் போய் நின்றுவிடுவார்கள். உறையைப் பாருங்கள். கடிதம் போனது போலீசுக்கு அல்ல, 'டைம்ஸ்' போன்ற பத்திரிகைக்கும் அல்ல. சென்ட்ரல் நியூஸ் ஏஜென்சிக்குப் போயிருக்கிறது. பத்திரிகைகளுக்குச் செய்தி விற்கிற நிறுவனம் அது. இன்றைக்கும் பத்திரிகை வாசிக்கிறவர்களில் எத்தனை பேருக்குச் செய்தி நிறுவனத்தின் முகவரி தெரியும்? அச்சுக்கூடத்தின் உள்பக்கம் புழங்குகிறவனுக்குத்தான் ஒரே கடிதத்தை ஏஜென்சிக்குப் போட்டால் எல்லாப் பத்திரிகைக்கும் போய்விடும் என்று தெரியும். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. ஜார்ஜ் சிம்ஸ் என்ற பத்திரிகையாளர் அந்த அக்டோபரிலேயே தன் பத்தியில் இதைக் கிண்டலாகக் கேட்டுவிட்டார். பாவம், கிண்டல் என்றதால் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஏஜென்சி அந்தக் கடிதத்தை இரண்டு நாள் கையிலேயே வைத்திருந்தது. 29-ஆம் தேதிதான் ஸ்காட்லாந்து யார்டுக்கு அனுப்பியது; விளையாட்டு என்று நினைத்தோம் என்று ஒரு குறிப்பு வேறு. மறுநாள் ஞாயிறு விடிவதற்குள் இரண்டு கொலைகள்: எலிசபெத் ஸ்டிரைட், கேத்தரின் எடோஸ். எடோஸின் முகத்தில் விழுந்த பல வெட்டுகளோடு காதின் ஒரு துண்டும் அறுபட்டிருந்தது. கேட்க வேண்டுமா? விளையாட்டாக இருந்த கடிதம் ஒரே ராத்திரியில் சாட்சியாகிவிட்டது. போலீசுக்குக் காது எதுவும் வந்து சேரவில்லை என்பதை மட்டும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

அக்டோபர் 1, திங்கட்கிழமை முத்திரையோடு ஒரு தபால் அட்டை அதே ஏஜென்சிக்கு வந்தது. இந்த முறை இரட்டை வேலை, காதை எடுக்க நேரமில்லை, போன கடிதத்தை வெளியிடாமல் வைத்திருந்ததற்கு நன்றி என்கிறது. கொலை நடந்த உடனே எழுதியதுபோல் ஒரு தோரணை. இங்கேதான் நாள்கணக்கு வேண்டும். ஞாயிறு சாயங்காலத்துக்குள் இரட்டைக் கொலை ஊரெல்லாம் பரவிவிட்டது. முதல் கடிதத்தின் வாசகமும் திங்கட்கிழமைப் பத்திரிகையில் வந்துவிட்டது. ஆகவே அட்டையில் உள்ள எதையும் எழுத ஒருவன் கொலைகாரனாக இருக்கத் தேவையில்லை. ஆனால் பத்திரிகையில் வந்தது வாசகம்தான். கையெழுத்து எப்படி இருந்தது என்று வெளியே யாருக்கும் தெரியாது. போலீஸ் அதைப் படியெடுத்துச் சுவரொட்டியாக ஒட்டியது 3-ஆம் தேதி. அதற்கு முன்பே வந்த அட்டையின் எழுத்து முதல் கடிதத்தின் எழுத்தை ஒத்திருந்தது என்றால், இரண்டும் ஒரே ஆளுடையது என்று நினைக்க இடமிருக்கிறது. அந்த நன்றியையும் கவனியுங்கள். திங்கட்கிழமைப் பத்திரிகை வருவதற்கு முன்பே அட்டை எழுதப்பட்டிருந்தால், கடிதத்தைத் 'தெரிந்தே நிறுத்திவைத்தார்கள்' என்று சொல்லக்கூடியவர்கள் இரண்டு வகை: அதை அனுப்பிவிட்டுக் காத்திருந்தவன், அல்லது ஏஜென்சிக்குள் இருந்தவன். இரண்டும் ஒருவராகவே இருக்கக் கூடாது என்று ஒன்றுமில்லையே.

சுவரொட்டி ஒட்டியது பெரிய பிசகு என்பேன். யாராவது கையெழுத்தை அடையாளம் காட்டுவார்கள் என்று நினைத்தார்கள். நடந்தது என்னவென்றால், ஊரில் உள்ள விஷமிகளுக்கெல்லாம் மாதிரித் தாள் கிடைத்துவிட்டது. நூற்றுக்கணக்கில் கடிதங்கள் குவிந்தன. ரிப்பர் பெயரில் கடிதம் போட்டதற்காக பிராட்ஃபோர்டில் 21 வயதுப் பெண் ஒருத்தியே பிடிபட்டாள். அந்தத் தேதிக்குப் பிறகு வந்த எந்தக் கடிதத்திலும் 'பாஸ்' என்றோ 'ரிப்பர்' என்றோ இருந்தால் அதற்கு ஒரு மதிப்பும் கிடையாது.

மூன்றாவது கடிதம் ஒன்று உண்டு, அக்டோபர் 5-ஆம் தேதியது. அதுவும் சென்ட்ரல் நியூஸுக்கே வந்ததாகச் சொல்லப்பட்டது. டாம் புல்லிங் என்ற அந்த நிறுவனத்துச் செய்தியாளர் அதைப் போலீசுக்குத் தெரிவித்தார். எப்படி? உறையை அனுப்பினார், கடிதத்தை அனுப்பவில்லை. தன் கைப்பட நகலெடுத்து அனுப்பினார். மூலம் எங்கே என்று போலீஸ் விடாப்பிடியாகக் கேட்டிருக்க வேண்டாமோ?

2018-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரியா நினி இந்த வழக்கின் 200-க்கும் மேற்பட்ட கடிதங்களைக் கணினியில் இட்டுப் பார்த்தார். மையையோ கையெழுத்தையோ அவர் பார்க்கவில்லை. சொற்களை மட்டும் பார்த்தார். ஒரு சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வருகிறது என்று இரண்டிரண்டாக எடுத்து, கடிதத்துக்குக் கடிதம் எத்தனை ஜோடிகள் பொது என்று கணக்கிடுவது அவர் முறை. எல்லோரும் எழுதுகிற ஜோடிகள் எதையும் காட்டிக்கொடுக்காது. அபூர்வமானவை காட்டிக்கொடுக்கும். வெளியிடாமல் வைத்திருப்பது என்ற பொருளில் 'கீப் பேக்' என்ற தொடர் முதல் கடிதத்திலும் அட்டையிலும் வருகிறது. அது அவருக்குக் கிடைத்த தடயங்களில் ஒன்று. இரண்டையும் எழுதியது ஒருவராகவே இருக்கக்கூடும், புல்லிங் நகலெடுத்த மூன்றாவதும் அவற்றோடு ஒட்டி நிற்கிறது என்பது அவர் முடிவு. எழுதியவர் பெயரை இந்தக் கணக்கு சொல்லாது. புல்லிங் எழுதிய மற்றவற்றோடு ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொன்னதும் அல்ல இது.

பெயர் வேறு வழியில் வந்தது. ஓய்வுபெற்ற உயரதிகாரிகளில் ராபர்ட் ஆண்டர்சன் 1910-லும் மெல்வில் மக்நாட்டன் 1914-லும் அது ஒரு பத்திரிகைக்காரன் கைவரிசை என்று நினைவுக்குறிப்பில் எழுதினார்கள், ஆளைச் சொல்லவில்லை. ஜான் லிட்டில்சைல்ட் என்ற முன்னாள் தலைமை ஆய்வாளர் மட்டும் 1913-இல் ஒரு தனிக் கடிதத்தில் சொன்னார்: எழுதியது புல்லிங் என்று ஸ்காட்லாந்து யார்டில் பொதுவான எண்ணம், யோசனை அவருடைய மேலாளர் மூரிடமிருந்து வந்திருக்கலாம். இது யாருக்கு எழுதியது தெரியுமா? 25 வருடம் முன்பு கிண்டல் செய்த அதே சிம்ஸுக்கு. அந்தக் கடிதம் வெளியே தெரிந்தது 1993-இல்தான். கால் நூற்றாண்டு கழித்துக் கிழவர் ஒருவர் நினைவிலிருந்து சொன்னதை அப்படியே நம்பக் கூடாது. ஆனாலும் உறையின் முகவரி, இரண்டு நாள் தாமதம், காணாமல் போன மூலம் எல்லாம் ஒரே வாசலில் போய் நிற்கும்போது எனக்கு மனம் புல்லிங் பக்கமே சாய்கிறது.

இவற்றில் சேராதது ஒன்று உண்டு. ஒயிட்சேப்பல் கண்காணிப்புக் குழுவின் தலைவர் ஜார்ஜ் லஸ்க் வீட்டுக்கு அக்டோபர் 16-ஆம் தேதி ஒரு சிறு பெட்டி வந்தது. உள்ளே ஸ்பிரிட்டில் ஊறிய பாதிச் சிறுநீரகம், 'நரகத்திலிருந்து' என்று தொடங்கும் ஒரு கடிதம். எடோஸின் உடலில் இடது சிறுநீரகம் இல்லாமல் போயிருந்தது. லண்டன் மருத்துவமனையின் டாக்டர் ஓப்பன்ஷா பார்த்து மனித உறுப்புதான் என்றார். அது எடோஸுடையது என்று நிரூபிக்க அப்போது வழியில்லை. மருத்துவ மாணவர்களின் விஷமம் என்றும் பேச்சு எழுந்தது.

இந்தக் கடிதத்தில் ரிப்பர் என்ற பெயரே இல்லை. எழுத்துப் பிழைகள் மலிந்த கடிதம், ஆனால் பிழைகள் விசித்திரமானவை. கத்திக்கு ஆங்கிலத்தில் முதல் எழுத்தான 'கே' ஒலிக்காது; அரைகுறையாகப் படித்தவன் முதலில் கோட்டைவிடுவது அதைத்தான். இந்த ஆள் அதைச் சரியாகப் போட்டுவிட்டுக் கடைசி எழுத்தை விட்டிருக்கிறான். படிக்காதவன்போல் நடித்தானா, உண்மையிலேயே தட்டுத்தடுமாறி எழுதினானா, இரண்டுக்கும் வாதம் உண்டு.

வந்த வழி பற்றி ஒரே ஒரு சாட்சியம்தான். பெட்டி வருவதற்கு முந்தைய நாள், ஜூபிலி தெருவில் ஒரு தோல் கடைக்கு நீண்ட கறுப்புக் கோட்டும் கறுத்த தாடியுமாக ஒரு ஆள் வந்து லஸ்க்கின் முகவரியைக் கேட்டிருக்கிறான். பேச்சில் ஐரிஷ் வாடை. கடையிலிருந்த பெண் பத்திரிகையில் அச்சாகியிருந்த முகவரியைக் காட்டியிருக்கிறாள். அதில் தெருப் பெயர் இருந்தது, கதவு எண் இல்லை. மறுநாள் வந்த பெட்டியின் முகவரியிலும் கதவு எண் இல்லை.

டியர் பாஸ் கடிதமும் கோப்பிலிருந்து காணாமல் போய், 1987-இல் அனுப்பியவர் பெயரில்லாமல் போலீசுக்கே தபாலில் திரும்பி வந்தது. லஸ்க்குக்கு வந்த கடிதம் திரும்பி வரவில்லை. ஒரு புகைப்படம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. தாளையும் மையையும் சோதிக்க அது போதாது. வாசகமும் சில வரிகள்தான், சொல் ஜோடிகளை எண்ணினாலும் பெரிதாகத் தேறாது. ஆகவே அதை எழுதியவனைத் தேடுகிறவர்கள் இன்னும் அந்தத் தோல் கடையிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.