பெற்றோரின் வரவுப் பக்கம்

செல்வமகள் சேமிப்புக் கணக்குத் தொடங்க வரும் இளம் பெற்றோர், ஆண்டுக்கு 250 ரூபாய் முதல் 1.5 லட்சம் ரூபாய் வரை செலுத்தலாம் என்பதையும், 21 ஆண்டுகளுக்குப் பின் கிடைக்கும் தொகையையும் நுணுக்கமாகக் கேட்டறிகின்றனர். குழந்தையின் எதிர்காலத்துக்கு இவ்வளவு திட்டமிடுபவர்கள், தம் மனநலத்துக்கென ஒரு நாளில் பத்து நிமிடமும் ஒதுக்குவதில்லை. முந்தைய இரவின் தூக்கமின்மை அவர்கள் கண்களிலேயே தெரிகிறது.

1998இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக இருந்த மார்ட்டின் செலிக்மன், உளவியல் நோயை மட்டும் ஆராயாமல் மனிதரைச் செழிக்கச் செய்வது எது என்பதையும் ஆராய வேண்டும் என்றார். அதிலிருந்து வளர்ந்ததே நேர்மறை உளவியல். எந்நேரமும் சிரித்த முகத்துடன் இருக்கச் சொல்லும் உபதேசம் அன்று அது.

அவரும் குழுவினரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில் ஓர் எளிய பயிற்சி உண்டு. ஒரு வாரம், ஒவ்வோர் இரவும், அன்று நன்றாக நடந்த மூன்றையும் அவை நடந்த காரணத்தையும் எழுத வேண்டும். பங்கேற்றோரின் மகிழ்ச்சி கூடியது; ஆறு மாதம் கழித்தும் அந்தப் பயன் தெரிந்தது. பெற்றோரை மட்டும் வைத்து நடத்திய ஆய்வன்று இது. எனினும் அவர்களுக்கே மிகவும் பொருந்தும் என்பது என் கருத்து. கொட்டிய பால், தவறவிட்ட பேருந்து, அதட்டிய சொல் ஆகிய பற்றுகளை மனம் தானாகவே பதிந்துகொள்கிறது. வரவை நாம்தான் எழுதியாக வேண்டும்.

காரணத்தை எழுதுவதில்தான் பயிற்சியின் உயிர் இருக்கிறது. "குழந்தை அழாமல் சாப்பிட்டது" என்பது வெறும் செய்தி. "அவசரப்படுத்தாமல் பக்கத்தில் அமர்ந்து கதை சொன்னேன்" என்று சேர்த்தால், அந்த நன்மையில் தம் பங்கும் இருந்ததைப் பெற்றோர் காண்கின்றனர்.

எழுதியதைத் துணைவருடன் பகிரலாம். நற்செய்தி சொல்பவருக்கு அக்கறையான பதில் கிடைத்தால் உறவு வலுப்பெறும் என்று ஷெல்லி கேபிளும் அவர் குழுவினரும் 2004இல் காட்டினர். "பாப்பா இன்று தானாகவே செருப்பு மாட்டிக்கொண்டாள்" என்று மனைவி சொல்லும்போது, கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்" என்பது பதிலாகாது. "இடம் வலம் சரியாக மாட்டினாளா?" என்று கேட்பதற்குச் செலவு ஏதுமில்லை!

குறிப்பேடு தூக்கத்துக்கு ஈடாகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரவில் குழந்தையைப் பார்க்கும் முறையைத் தம்பதியர் பகிர்ந்துகொள்வதே முதல் மருந்து. 2017ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம், முதல் இரு குழந்தைகளுக்கான மகப்பேறு விடுப்பை 26 வாரங்களாக உயர்த்தியது. 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பக வசதியையும் கட்டாயமாக்கியது. உங்கள் அலுவலகத்தில் அவ்வசதி உண்டா என்று கேளுங்கள், தந்தையரும் கேட்கலாம்.

பேறுகாலத்துக்குப் பின் சோர்வும் அழுகையும் இரண்டு வாரங்களைக் கடந்தும் நீடித்தால் குறிப்பேட்டை நம்பியிராமல் மருத்துவரை அணுக வேண்டும். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணமில்லை, எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.