இரண்டு வெள்ளி நோட்டின் பின்பக்கம்

உங்கள் பணப்பையில் இரண்டு வெள்ளி நோட்டு இருந்தால் கொஞ்சம் வெளியே எடுங்கள். முன்பக்கத்தில் இருப்பவர் சிங்கப்பூரின் முதல் அதிபர் யூசோஃப் இஸ்ஹாக். அந்த முகம் எல்லாருக்கும் தெரியும். இப்போது நோட்டைத் திருப்புங்கள். மாணவர்கள் சிலர் இருப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் மூன்று பழைய கட்டடங்கள் தெரியும். ஒன்று மருத்துவக் கல்லூரி. மற்ற இரண்டும் பள்ளிகள்: பழைய ராஃபிள்ஸ் கல்வி நிலையமும் விக்டோரியா பிரிட்ஜ் பள்ளியும். முன்பக்கத்தில் இருப்பவர் இந்த இரண்டு பள்ளிகளிலும் படித்தவர்.

இந்த நோட்டைக் கொடுத்து எத்தனையோ முறை தேநீர் வாங்கியிருக்கிறேன். ஒருநாளும் பின்பக்கத்தைப் பார்த்ததில்லை. பார்க்க வைத்தவன் நான் துணைப்பாடம் சொல்லிக்கொடுக்கும் உயர்நிலை மூன்று மாணவன்.

‘என் பள்ளி’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். அவன் எழுதியது நான்கே வரி. நான்காவது வரி இது: “எங்கள் பள்ளியிலிருந்து புகழ்பெற்றவர் யாரும் வந்ததில்லை.”

“இன்னும் கொஞ்சம் எழுதலாமே,” என்றேன்.

“இருந்தாத்தானே’க்கா எழுதுறது?” என்றான்.

சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். ஆனால், போன தவணையில் அவன் பல நாள் பள்ளிக்கே போகவில்லை என்பதும், உயர்நிலை நான்கு முடிந்ததும் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போகப் போவதாக வீட்டில் சொல்லியிருக்கிறான் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் அந்த வரியை அப்படியே விட மனம் வரவில்லை. ஊக்கம் தரும் எடுத்துக்காட்டு ஒன்றைத் தேடினேன். கிடைத்தது விக்டோரியா பள்ளி.

ஒரு பள்ளி, மூன்று அதிபர்கள்

சிங்கப்பூருக்கு இதுவரை ஒன்பது அதிபர்கள். அவர்களில் மூவர் விக்டோரியாவில் படித்தவர்கள்: யூசோஃப் இஸ்ஹாக், தேவன் நாயர், செல்லப்பன் ராமநாதன் என்ற எஸ்.ஆர். நாதன்.

பள்ளியின் தொடக்கம் மிக எளிமையானது. 1876ல் கம்போங் கிளாமில் மலாய்ப் பிள்ளைகளுக்காக ஓர் ஆங்கில வகுப்பு ஆரம்பிக்கப்பட்டது. மாணவர்கள் 12 பேர். ஆசிரியர் ஒரே ஒருவர், ஒய்.ஏ. பிள்ளை. பிறகு அந்தப் பள்ளி சையது அல்வி சாலைக்கு மாறி, அருகிலிருந்த பாலத்தின் பெயரால் விக்டோரியா பிரிட்ஜ் பள்ளி ஆனது. 1933ல் ஜாலான் புசார் வட்டாரத்தில் உள்ள டைர்விட் சாலைக்குச் சென்றபோது பெயர் ‘விக்டோரியா பள்ளி’ என்று சுருங்கியது. 1984ல் கேலாங் பாருவுக்குப் போனது. இப்போது சிக்லாப்பில் இருக்கிறது. ‘உழைப்பின்றி எதுவும் இல்லை’ என்று பொருள்படும் லத்தீன் தொடர் அதன் தாரக மந்திரம்.

அதிபர்களோடு பட்டியல் முடியவில்லை. வெளியுறவு அமைச்சராகவும் தேசிய வளர்ச்சி அமைச்சராகவும் இருந்த எஸ். தனபாலன் இங்கே படித்தவர். வீவக புளோக்குகளில் எல்லா இனத்தவரும் கலந்து வாழ வகைசெய்யும் இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989ல் அறிமுகமானபோது அந்தத் துறைக்குப் பொறுப்பு வகித்தவர் அவரே. பின்னர் 1996 முதல் 2013 வரை தெமாசெக் நிறுவனத்தின் தலைவராக இருந்தார். தமிழ்த் தந்தைக்கும் சீனத் தாய்க்கும் பிறந்து, ஆங்கிலத்தில் எழுதி, சிங்கப்பூர்க் கவிதைக்கு முகவரி தந்த பேராசிரியர் எட்வின் தம்புவும் விக்டோரியா மாணவரே.

இவ்வளவையும் ஒரு தாளில் அழகாக எழுதி, அடுத்த சனிக்கிழமை அவன் முன்னால் வைத்தேன். பொறுமையாகப் படித்தான். பிறகு தாளை என் பக்கமே நகர்த்தினான்.

“அவங்க எல்லாம் அந்த ஸ்கூல்ல படிச்சாங்க’க்கா. நான் அங்க படிக்கலையே.”

நான் கொண்டுபோன எடுத்துக்காட்டு அவனுக்கு ஊக்கம் தரவில்லை. அவன் எழுதிய நான்காவது வரியைத்தான் உறுதிப்படுத்தியிருந்தது. வீட்டுக்கு வந்து அதே பெயர்களை மறுபடியும் படித்தேன். இந்த முறை என்ன ஆனார்கள் என்று பார்க்காமல், பள்ளியில் எப்படி இருந்தார்கள் என்று பார்த்தேன்.

பட்டியலுக்குள் இருப்பது

முதலில் யூசோஃப் இஸ்ஹாக். 1910ல் பேராக்கில் பிறந்தவர். அரசாங்க ஊழியரான தந்தைக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்ததால், 1923ல் குடும்பம் இங்கு வந்தது. விக்டோரியா பிரிட்ஜ் பள்ளியில் அவர் படித்தது கொஞ்ச காலம்தான். அதன்பின் ராஃபிள்ஸ் கல்வி நிலையத்துக்கு மாறி அங்கேதான் படிப்பை முடித்தார். ஹாக்கி, குத்துச்சண்டை, பளுதூக்குதல் என்று அவர் பெயர் வாங்கியதும் அங்கேதான். இருந்தாலும் இரண்டு பள்ளிகளுமே அவரைத் தங்கள் மாணவர் என்கின்றன. இரண்டும் சொல்வது உண்மைதான். ஆனால், 1939ல் ‘உத்துசான் மலாயு’ நாளிதழைத் தொடங்கிய மனிதரை உருவாக்கியது எந்த வகுப்பறை என்று யாரால் சொல்ல முடியும்?

அடுத்து தேவன் நாயர். 1923ல் மலாக்காவில் பிறந்து, சிறுவயதில் சிங்கப்பூர் வந்தவர். ரங்கூன் சாலையில் தொடக்கப்பள்ளி, பிறகு விக்டோரியா. 1940ல் சீனியர் கேம்பிரிட்ஜ் தேர்வில் தேறினார். இதுவரை எந்தப் பள்ளியும் பெருமைப்படக்கூடிய கதை. ஆனால், அதற்குப் பிந்தைய பத்துப் பதினைந்து ஆண்டுகளைப் பாருங்கள். ஆசிரியரானார். ஆசிரியர் சங்கத்தில் தீவிரமாக இறங்கினார். 1951ல் பிரிட்டிஷ் அரசாங்கம் அவரைத் தடுத்து வைத்தது. 1956ல் மறுபடியும் கைதாகி, 1959 வரை உள்ளே இருந்தார். 1955ல் யாராவது ‘விக்டோரியாவின் புகழ்பெற்ற மாணவர்கள்’ என்று ஒரு பட்டியல் தயாரித்திருந்தால், அதில் அவர் பெயர் இருந்திருக்குமா?

1964ல் மலேசியாவின் பங்சார் தொகுதியில் வென்று நாடாளுமன்றம் போனார். மக்கள் செயல் கட்சிக்கு அந்தத் தேர்தலில் தீபகற்ப மலேசியாவில் கிடைத்தது அந்த ஒரே இடம்தான். பின்னர் சிங்கப்பூர் திரும்பித் தொழிற்சங்கக் காங்கிரசை வழிநடத்தினார். இன்று நாம் பொருள் வாங்கும் ஃபேர்பிரைஸ் பேரங்காடியின் ஆரம்பம், அவர் காலத்தில் 1973ல் என்டியுசி திறந்த கடைதான். 1981ல் அதிபரானார், 1985ல் பதவி விலகினார்.

ஓடிப்போன மாணவர்

என்னை நிறுத்தி யோசிக்க வைத்தவர் மூன்றாமவர்.

எஸ்.ஆர். நாதன் 1924ல் சிங்கப்பூரில் பிறந்தார். சிறுவயதில் ஜொகூரின் மூவாரில் வாழ்ந்தார். எட்டு வயதில் தந்தையை இழந்தார். அவரும் ரங்கூன் சாலையில் படித்து, விக்டோரியாவில் சேர்ந்தவர்தான். தேவன் நாயரைவிட ஒரு வயது இளையவர். ஒருவர் சீனியர் கேம்பிரிட்ஜ் எழுதித் தேறிய அதே காலக்கட்டத்தில், மற்றவர் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டே ஓடிப்போனார். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது.

இதை யாரோ கண்டுபிடித்து எழுதவில்லை. அவரே தம் நினைவுக் குறிப்பு நூலிலும் பேட்டிகளிலும் மறைக்காமல் சொன்னது.

பிறகு போர் வந்தது. ஜப்பானியர் ஆட்சியில் ஜப்பானிய மொழியைக் கற்றுக்கொண்டு மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். போர் முடிந்ததும் எழுத்தர் வேலை. வேலை செய்துகொண்டே, பாதியில் விட்ட உயர்நிலைப் படிப்பைத் தானாகப் படித்து முடித்தார். இருபதுகளின் பிற்பகுதியில் பல்கலைக்கழகம் போனார். 1954ல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பட்டயப் படிப்பைச் சிறப்புத் தேர்ச்சியோடு முடித்தபோது அவருக்கு வயது முப்பதை நெருங்கிவிட்டது. மருத்துவமனைச் சமூக ஊழியராகப் பணியைத் தொடங்கினார். மாலுமிகளின் நலனைக் கவனித்தார். தொழிற்சங்கங்களோடு வேலை பார்த்தார். அதன்பிறகுதான் வெளியுறவும் தற்காப்பும்.

1974ல் புலாவ் புக்கோம் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையைத் தாக்கிய ஆயுதபாணிகள் ‘லாஜு’ படகைக் கடத்திப் பிணைபிடித்தார்கள். பிணையாளிகளை விடுவிப்பதற்காக, அந்த ஆயுதபாணிகளோடு ஒரே விமானத்தில் குவைத்துக்குப் போன 13 சிங்கப்பூர் அதிகாரிகளுக்குத் தலைமை தாங்கியவர் நாதன். பதினாறு பதினேழு வயதில் வீட்டுச் சண்டையிலிருந்து ஓடியவர், ஐம்பதை நெருங்கும்போது மற்றவர்களுக்காகத் தன்னையே பிணையாக வைத்தார். 1999 முதல் 2011 வரை 12 ஆண்டுகள் அதிபராக இருந்தார். வேறு யாரும் அவ்வளவு நீண்ட காலம் அந்தப் பொறுப்பில் இருந்ததில்லை.

இதில் ஒரு சிறு தொடர்பும் உண்டு. நாதன் பட்டயம் வாங்கிய அதே 1954ல், அதே பல்கலைக்கழகத்தில் எட்வின் தம்புவும் மாணவர். மாணவர் சஞ்சிகை ‘ஃபஜார்’ வெளியிட்ட தலையங்கத்துக்காக அவர் உட்பட எட்டு மாணவர்கள் மீது தேசத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டது. அந்த ஆண்டே எல்லாரும் விடுவிக்கப்பட்டார்கள். அப்போது தம்புவுக்கு வயது 20. என் வயது. விக்டோரியாவில் அவருக்குக் கிடைத்த பெரிய பேறு எது என்று கேட்டால், பள்ளியின் புகழைவிட ஓர் ஆசிரியரைத்தான் சொல்ல வேண்டும். ஆங்கில ஆசிரியர் ஷேமஸ் ஃபிரேசர், அவரை மாணவப் பருவத்திலேயே கவிதை எழுத ஊக்குவித்தவர்.

ஏன் அந்தப் பள்ளி?

அப்படியானால் மூன்று அதிபர்கள் ஒரே பள்ளியில் படித்தது தற்செயலா? முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. போருக்கு முந்தைய சிங்கப்பூரில் ஆங்கிலவழி அரசாங்க உயர்நிலைப் பள்ளிகள் மிகக் குறைவு. அவற்றுள் முக்கியமானவை ராஃபிள்ஸும் விக்டோரியாவும். ரங்கூன் சாலை, சிராங்கூன் சாலை, ஜாலான் புசார் பக்கம் வசித்த பிள்ளைகளுக்கு விக்டோரியா நடந்துபோகும் தூரம். ஆங்கிலம் படித்தவர்களுக்குத்தான் அரசாங்க வேலையும் பல்கலைக்கழகமும் என்ற காலத்தில், அந்தக் கதவு வழியாகப் போனவர்களிலிருந்துதான் பின்னாளில் தலைவர்கள் வர முடிந்தது. போக முடியாத பிள்ளைகள் எத்தனை பேரோ.

ராஃபிள்ஸின் பட்டியலிலும் இதே கதைதான். யூசோஃப், பெஞ்சமின் ஷியர்ஸ், வீ கிம் வீ என்று அங்கேயும் மூன்று அதிபர்கள். அவர்களில் வீ கிம் வீ அங்கே படித்தது இரண்டே ஆண்டுகள். குடும்பக் கஷ்டத்தால் படிப்பை விட்டு, 1930ல் செய்தித்தாள் நிறுவனம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்தார்.

பள்ளிகளின் புகழ்ப்பட்டியல்கள் எல்லாம் பின்னாலிருந்து எழுதப்படுபவை. ஒருவர் பெரியவரான பிறகு, அவர் எங்கே படித்தார் என்று தேடிப் பெயரைச் சேர்க்கிறோம். ஒரு வருடம் இருந்தவரும், பாதியில் போனவரும், தேறியவரும் அதில் ஒன்றாகிவிடுகிறார்கள். விட்டுப்போன நாளும், திரும்பி வந்த வழியும் பட்டியலில் இருப்பதில்லை. நாதன் விஷயத்தில் அந்தத் திரும்பிய வழிதான் முக்கியம். வேலை பார்த்துக்கொண்டே எழுதக்கூடிய தேர்வும், வயதைக் காரணம் காட்டாமல் சேர்த்துக்கொண்ட பல்கலைக்கழகமும் இல்லாமல் போயிருந்தால், விக்டோரியா பெருமைப்பட ஒரு பெயர் குறைந்திருக்கும்.

அவர் அதை மறக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். வசதி குறைந்த மாணவர்களுக்காக அவர் பெயரில் ஒரு கல்வி நிதி இயங்குகிறது. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள் நிறையப் பேர் சேரும் சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில், மனித மேம்பாட்டுத் துறைக்கு அவர் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது.

ஒரு சொல்

மறு சனிக்கிழமை நான் எந்தத் தாளையும் கொண்டுபோகவில்லை. நாதன் ஓடிப்போன கதையை மட்டும் சொன்னேன். அதிபரானார் என்பதைக் கடைசியில்தான் சொன்னேன்.

“அவரா?” என்றான். பிறகு, “எத்தனை வயசுல யூனிவர்சிட்டி போனாரு?” என்று கேட்டான். சொன்னேன். மனத்துக்குள் ஏதோ கணக்குப் போட்டதுபோல் இருந்தது. வேலைக்குப் போகும் எண்ணத்தை விட்டுவிட்டதாக அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வேலைக்குப் போவது தவறும் இல்லை. நாதனும் போனார். படிப்பு அதோடு முடிந்துவிட்டது என்று நினைக்காமல் இருந்தால் போதும்.

கட்டுரையைத் திருத்தி எழுதிக் கொடுத்தான். நான்கு வரி ஒன்பது வரியாகியிருந்தது. பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் கோழிச்சோறு விற்கும் ஆன்ட்டியைப் பற்றியே மூன்று வரி. பழைய நான்காவது வரியை அவன் அடிக்கவில்லை. இடையில் ஒரு சொல்லை மட்டும் சேர்த்திருந்தான்.

“எங்கள் பள்ளியிலிருந்து இதுவரை புகழ்பெற்றவர் யாரும் வந்ததில்லை.”

‘புகழ்பெற்றவர்’ என்ற சொல்லில் ஒற்று விட்டுப்போயிருந்தது. அதை மட்டும் சிவப்பு மையில் திருத்தினேன்.