உதவித்தொகை வீட்டுக்கு வருது… குடி வீட்டை விட்டுப் போக என்ன வழி?

பாவூர்சத்திரம் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அக்கா பீடி சுற்றுகிறார். வீட்டுக்காரர் கூலி வேலை. மாதம் 15-ஆம் தேதி வாக்கில் அக்காவின் செல்போனுக்கு மெசேஜ் வருகிறது: மகளிர் உரிமைத் தொகை ரூ.1,000 வரவு. சாயங்காலத்துக்குள் ஏ.டி.எம். கார்டு வீட்டுக்காரர் கைக்குப் போய்விடுகிறது. மறுநாள் பால்காரருக்குக் கடன் சொல்ல வேண்டியிருக்கிறது.

இது நாம் கற்பனை செய்த வீடுதான். ஆனாலும், “எங்க தெருவுலயும் இப்படி ஒரு வீடு இருக்கே” என்று உங்களுக்குத் தோன்றலாம். அந்த வீட்டுக்கு என்ன உதவி கிடைக்கும், அதை எப்படிப் பெறுவது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுவோம்

“ஆஸ்பத்திரிக்குப் போனா விஷயம் வெளிய தெரிஞ்சு, உதவித்தொகையை நிறுத்திருவாங்களோ?” என்று பலர் தயங்குகிறார்கள். மகளிர் உரிமைத் தொகைக்கான தகுதி வருமானம், நிலம், மின் பயன்பாடு போன்றவற்றை வைத்துத்தான் முடிவாகிறது. வீட்டில் ஒருவர் குடிக்கிறார், சிகிச்சை எடுக்கிறார் என்பதற்காகத் தொகை நிற்காது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன்படி மது, போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைப் பாதிப்பும் மனநோய்க்குள் அடங்கும். சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருப்பது மருத்துவமனையின் கடமை.

சிகிச்சைக்குப் போகிறவர்கள் ஏன் இவ்வளவு குறைவு?

எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய போதை சிகிச்சை மையம் நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2019-இல் வெளியானது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சையைப் பெற்றிருக்கிறார் என்று அது சொன்னது. மற்ற 37 பேருக்கும் மனசில்லை என்று சொல்லிவிட முடியாது. எங்கே போவது என்று தெரியாது. ஒரு நாள் கூலி போகும். பஸ்ஸுக்குக் காசு வேண்டும். கூட வர ஆள் இல்லை. முதல் தடவை போய்விட்டு வந்தாலும், அடுத்த தடவை “ஏன் வரலை?” என்று கேட்க யாரும் இல்லை.

இந்த இடைவெளியை அடைக்க அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஒரு வழியைச் சோதித்துப் பார்த்தார்கள். அரசு உதவித்தொகை பெற்றுவந்த, போதைப் பழக்கத்துக்கு அடிமையான 302 பெண்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கம்போல, “இந்த மையத்துக்குப் போங்க” என்று எழுதிக் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவில் ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பாளரை நியமித்தார்கள். அவர் வீட்டுக்கே வருவார். போக்குவரத்துக்கும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவும் ஏற்பாடு செய்வார். சிகிச்சை தொடர்கிறதா என்று பார்ப்பார், பிறகு வேலை தேடவும் உதவுவார். பதினைந்து மாதம் கழித்துப் பார்த்தபோது, பொறுப்பாளர் இருந்த பிரிவில் ஏறத்தாழ இரு மடங்குப் பெண்கள் போதையை விட்டிருந்தார்கள். இந்த முறைக்குப் பெயர் ‘தீவிர தனிநபர் வழிகாட்டல்’. சுருக்கமாகச் சொன்னால், ஒருவர் விடாமல் கூடவே வருவது.

நம்ம ஊரில் இந்தச் சேவைகள் எங்கே?

இங்கே இந்த வேலைகளெல்லாம் ஒரே ஆளிடம் இல்லை, பல இடங்களில் பிரிந்து கிடக்கின்றன. அவற்றைக் கோத்துக்கொள்ளத் தெரிந்தால் போதும்.

• 14446: போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண். குடிக்கிறவர் மட்டும் இல்லை, குடும்பத்தாரும் பேசலாம்.
• 14416: ‘டெலி மானஸ்’ மனநல ஆலோசனை. 2022 அக்டோபர் 10 முதல் இயங்குகிறது. தமிழிலேயே பேசலாம்.
• 104: தமிழக அரசின் மருத்துவ ஆலோசனை எண்.
• மருத்துவமனை: தென்காசி அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டக் குழுவைக் கேளுங்கள். மேல்சிகிச்சை தேவைப்பட்டால் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.
• 181: பெண்கள் உதவி மையம். அடி உதை மட்டும் வன்முறை இல்லை. வீட்டுச் செலவுக்கான பணத்தைப் பிடுங்கிக்கொள்வதும் குடும்ப வன்முறைதான் என்று 2005-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.

கூடவே போகிறவர் நீங்களாக இருந்தால்…

மனைவி, அண்ணன், மகளிர் குழுத் தோழி, பக்கத்து வீட்டு மதினி என்று யாராவது ஒருவர் பொறுப்பெடுத்துக்கொள்ளலாம்.

1. குடித்திருக்கும்போது பேசாதீர்கள். காலையில், தெளிவாக இருக்கும்போது, “நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவோம், நானும் வாரேன்” என்று சொல்லுங்கள்.
2. சிகிச்சை சீட்டு, மாத்திரை, அடுத்து வரச்சொன்ன தேதி எல்லாவற்றையும் போட்டோ எடுத்து செல்போனில் வையுங்கள். தேதிக்கு முந்தின நாள் அலாரம் வையுங்கள்.
3. உதவித்தொகை வரும் கணக்கின் பின் எண், யு.பி.ஐ. பின் எண் இரண்டையும் மாற்றி, கணக்குக்கு உரியவரே வைத்துக்கொள்ளட்டும். இதனால் வீட்டில் அடிதடி வரும் என்று பயந்தால், முதலில் 181-இல் பேசிவிட்டுச் செய்யுங்கள்.
4. சம்பளம் போடும் நாள், கொடை, கல்யாண வீடு எல்லாம் சறுக்கும் நாட்கள். அன்றைக்குக் கூட ஒரு ஆள் இருப்பது நல்லது.
5. மறுபடி குடித்துவிட்டால், “எல்லாம் போச்சு” என்று விட்டுவிடாதீர்கள். சர்க்கரை கூடினால் மருத்துவரிடம் திரும்பப் போகிறோம் இல்லையா? அதே மாதிரிதான் இதுவும்.

இதையெல்லாம் செய்யவே கூடாது

தினமும் அதிகமாகக் குடிப்பவரை வீட்டிலேயே பூட்டிவைத்து, திடீரென்று நிறுத்தச் செய்யாதீர்கள். கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் கை நடுக்கமும் வியர்வையும் ஆரம்பிக்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதன் பிறகு ஆள் அடையாளம் தெரியாத குழப்பம், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது போன்றவை வரலாம். இது உயிருக்கே ஆபத்து. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

“அவருக்குத் தெரியாம சோத்துல கலந்து குடுங்க” என்று விற்கும் மருந்தை நம்பாதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. மதுவோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகும் அளவுக்கு விபரீதமாகும் மருந்துகளும் உண்டு.

தனியார் மையத்தில் சேர்ப்பதாக இருந்தால், மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த சான்றைக் காட்டச் சொல்லுங்கள். சங்கிலியால் கட்டிவைப்பதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. அப்படி நடக்கும் இடம் எவ்வளவு குறைந்த செலவாக இருந்தாலும் வேண்டாம்.

இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். 14446, 14416, 181 மூன்று எண்களையும் உங்கள் செல்போனில் பதிந்துவையுங்கள். உங்கள் வீட்டுக்குத் தேவைப்படாமல் போகலாம். பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் ராத்திரி வந்து கதவைத் தட்டினால், “இருங்க, நாம ரெண்டு பேருமா பேசுவோம்” என்று சொல்ல அது உதவும்.