கவ்வாத்தும் கணினி நிரலும்

கேமரன் மலைச் சரிவுகளில் தேயிலைச் செடிகள் இடுப்பளவு உயரத்தில் நிரை நிரையாக நிற்கின்றன. அவ்வுயரம் செடியின் இயல்பன்று. வெட்டாது விட்டால் தேயிலை மரமாக ஓங்கிவிடும். கொழுந்து கைக்கு எட்டாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுவதாலேயே, 1929இல் தொடங்கப்பெற்ற போ நிறுவனத்தின் தோட்டங்கள் போன்ற பழந்தோட்டங்களிலும் கொழுந்து எடுக்க முடிகிறது.

கணினி நிரலுக்கும் கவ்வாத்து வேண்டும். கட்டற்ற மென்பொருள் என்பது, எவரும் படித்துத் திருத்திப் பிறர்க்கு வழங்கத்தக்க மூலநிரலை உடையது. பலர் கூடிப் பல்லாண்டு எழுதுவதால் அது நாளும் வளரும். புதியது சேர்ப்பார் பலர். பழையதைக் காப்பார் சிலர். அச்சிலரும் தளர்ந்தால் விளைவது யாது? 2024இல் எக்ஸ்-இசட் என்னும் சுருக்கு நிரலில் வெளிப்பட்ட சூது அதனைக் காட்டியது. அந்நிரலை நெடுங்காலம் ஏறத்தாழ ஒருவரே தாங்கி வந்தார். அவருக்குத் துணைபுரிவதுபோல் வந்து நம்பிக்கை பெற்ற ஒருவரே அதில் கள்ள வாயிலை அமைத்தார்.

சுமையைக் குறைத்தமைக்கு நல்ல சான்று லிப்ரே ஆபீஸ். இதன் முன்னோடியாகிய ஸ்டார் ஆபீஸ் 1980களில் செர்மனியில் தோன்றியது. 1999இல் சன் நிறுவனம் அதனை வாங்கி, 2000இல் மூலநிரலைப் பொதுவாக்கியது. அதனின்று 2010இல் பிரிந்ததே லிப்ரே ஆபீஸ். பல இலட்சம் வரிகள் கொண்ட அப்பழைய நிரலைத் தன்னார்வலர் நான்கு வழிகளில் சீர்செய்தனர்.

முதலாவது, எப்பகுதியாலும் அழைக்கப்படாது கிடந்த நிரற் கூறுகளைக் கருவி கொண்டு பட்டியலிட்டு நீக்கினர். இரண்டாவது, உரை பற்றியது. நிரலின் இடையிடையே எழுதப்பெற்ற விளக்கக் குறிப்புகள் பல செர்மன் மொழியில் இருந்தன; அவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்தனர். உரையின்றித் தொல்காப்பியத்துள் புகுவது எத்துணை அரிது என்பதைத் தமிழாசிரியர் அறிவர். மூலம் கையில் இருந்தும் உரை விளங்காவிடில், அதனைத் திருத்த எவரும் அஞ்சுவர் அன்றோ? மூன்றாவது, ஒவ்வொரு மாற்றத்தையும் ஏற்குமுன் கணினியே சோதிக்க ஏற்பாடு செய்தனர். நான்காவது, புதியவர் செய்யத்தக்க எளிய பணிகளைத் தனியே வகுத்து வைத்தனர். இந்நான்காவதே தலையாயது, மற்றவை நிரலின் பாரத்தைக் குறைக்க, இது தாங்கும் தோள்களைப் பெருக்குகிறது.

எனினும், வெட்டுவதிலும் அளவு வேண்டும். பழைய ஸ்டார் ஆபீஸ் கோப்புகளைப் படிக்கும் பகுதி 2013இல் வெளிவந்த நான்காம் பதிப்பில் நீக்கப்பட்டது. நிரல் இலேசாயிற்று, ஆனால் அக்கோப்புகளை வைத்திருந்தோர் புதிய பதிப்பில் அவற்றைத் திறக்க இயலவில்லை. சில ஆண்டுகளுக்குப் பின், தனியே பேணத்தக்க ஒரு சிறு நூலகத்தின் வாயிலாக அவ்வசதி மீண்டும் வந்தது.

இது தமிழர்க்கு அயலான செய்தியன்று. ஒருங்குறி பரவுமுன் தமிழ் பல குறியேற்றங்களில் தட்டெழுதப்பட்டது. ஒன்றில் எழுதியது மற்றொன்றில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் திஸ்கி முறையிலும் நூல்களை வெளியிட்டது. பின்னர் ஒருங்குறிக்கு மாறியது. மாற்றித் தரும் நிரல்கள் இருந்தமையால் அந்நூல்கள் பிழைத்தன. மாற்றப்படாத வினாத்தாள்களும் கட்டுரைகளும் பள்ளிக் கணினிகளில் கிடப்பின், பழைய எழுத்துருவும் மாற்றியும் கிடைக்கும்போதே அவற்றை ஒருங்குறிக்குக் கொணர்தல் நன்று.

கவ்வாத்துக் கத்தி எடுப்பவர் செடியை அழிக்க வெட்டுவதில்லை, தளிர்க்கவே வெட்டுகிறார். எதை விடுவது, எதை வெட்டுவது என்பதை அறிந்த கைகள் அடுத்த தலைமுறையிலும் இருத்தல் வேண்டும். தோட்டத்திற்கும் நிரலுக்கும் அதுவே காப்பு.