ஞாயிற்றுக்கிழமை யாருக்கு ஓய்வு?

கலந்துரையாடலில் ஒரு சகோதரி கேட்டார்: "ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பத்துப் பேரை வீட்டுக்குச் சாப்பிட அழைக்கிறோம். விருந்தோம்பல் நல்லதுதானே?" நல்லதுதான். யார் சமைக்கிறார்கள் என்று கேட்டேன். அரங்கில் சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை.

ஓய்வுநாள் கட்டளை வேதாகமத்தில் இரு இடங்களில் விரிவாக வருகிறது. யாத்திராகமம் 20-ஆம் அதிகாரம் படைப்பைக் காரணம் காட்டுகிறது. இறைவனே ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார். உபாகமம் 5-ஆம் அதிகாரம் சொல்லும் காரணம் வேறு. நீங்களும் எகிப்தில் அடிமைகளாக இருந்தவர்கள். ஆகவே உங்களைப் போலவே உங்கள் வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும் என்கிறது. மாட்டையும் கழுதையையும்கூட அது மறக்கவில்லை. நாம் பெரும்பாலும் முதல் காரணத்தைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம்!

சிங்கப்பூரில் 2013 ஜனவரி முதல் வெளிநாட்டு இல்லப் பணிப்பெண்களுக்கு வாரம் ஒரு ஓய்வுநாள் சட்டமானது. ஆனாலும் பணிப்பெண் ஒப்புக்கொண்டால், அந்த நாளுக்குச் சம்பளம் கொடுத்து வேலை வாங்கலாம். 2023 ஜனவரி முதல் மாதத்தில் ஒரு நாளையாவது அப்படிப் பணமாக மாற்ற முடியாது. மற்ற நாள்கள்? ஊரில் பிள்ளையின் படிப்புக்குப் பணம் அனுப்பும் பெண், முதலாளி கேட்டால் எப்படி மறுப்பார்?

எங்கள் வீட்டிலும் அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் பணிப்பெண் இருக்கிறார். முன்பு நானும் சம்பளம் கொடுத்துச் சமாளித்தவள்தான். இப்போது ஞாயிறு காலையில் அவர் கிளம்பிவிடுவார். நானும் தம்பியும் முறை வைத்து அம்மாவுடன் இருக்கிறோம். என் முறை வரும் வாரம் சனிக்கிழமை மாலை ஆராதனைக்குப் போய்விடுகிறேன்.